ஒரு தட்டு தள்ளி

எந்த பேண்ட் மேடையில் ரொம்ப இறுக்கம் என்று
என்னிடம் கேட்கிறார்கள்.
மிக்சருக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியும் என்று நினைப்பு.
காதணி விழா, கட்சிக் கூட்டம், கிறிஸ்துமஸ் ஆராதனை,
வருஷத்துக்கு நாலு தடவை
புரோகிரெசிவ் ராக்.
கடைசியதில் மட்டும் எனக்குக் கைக்காசு போகும்.

முனிச்சாலையில் மாவுமில்லுக்கு மேல்மாடி.
மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில்
நாலு பேர் ஒத்திகை பார்ப்பார்கள்,
அதைவிட அதிக நேரம் சண்டை போடுவார்கள்.
துளசிராமுக்கு ஸ்வீடன்காரர்கள்:
'அஞ்சு பேரும் ஒரே கத்தரிக்கோல் மாதிரி நிறுத்துவாய்ங்கப்பா.'
ரிஸ்வானுக்கு எழுபதுகளின் லண்டன்,
இருபது நிமிஷப் பாட்டு
ரெக்கார்டில் எப்படியோ மேடையிலும் அப்படியே.
'அதுக்குப் பேரு ஜெராக்ஸ் கடை'
என்பான் பாண்டிச்செல்வம், வயரைச் சுருட்டிக்கொண்டே.
அவனுக்கு இத்தாலியில் ஒரு குழு:
வேண்டுமென்றே ஆளுக்கொரு கணக்கில் பிரிந்துபோய்
பதினேழாவது சுற்றில்
ஒரே கதவைத் திறந்துகொண்டு வருவார்களாம்.
எஸ்தர்ராணி எந்தக் கட்சியும் இல்லை.
டிரம் பெடலுக்கு எண்ணெய் விடுவாள்.
தையல் மெஷின் எண்ணெய்.

அவர்களுக்கென்று ஓர் எண்ணிக்கை உண்டு.
ஏழு என்றால், சிம்மக்கல் தல்லாகுளம்.
பதினொன்று என்றால்,
சிம்மக்கல் தல்லாகுளம் முனிச்சாலை.
முதல் நாள் சிரித்தேன்.
அப்புறம் சிக்னலில் நிற்கையில் என் வாயே
கண்டக்டர் வேலை பார்க்க ஆரம்பித்தது.
(கொத்துபரோட்டாத் தாளம் என்று எழுதிய நிருபரை
எஸ்தர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.)

பசுமலை. கல்லூரித் திறந்தவெளி.
முன்வரிசையில் மூன்று பேராசிரியர்கள்,
பின்னால், அடுத்து வரப்போகிற சினிமாப் பாட்டுக்காக
இடம் பிடித்து உட்கார்ந்திருந்த கூட்டம்.
பதினொன்றில் ஓடும் நடுப்பகுதி.
கரண்ட் போனது.

என் மீட்டர்கள் மொத்தமும் கண்மூடின.
பேஸ் இல்லை. கீபோர்டு இல்லை.
கித்தார் வெறும் கம்பி உரசல்.
டிரம் மட்டும் இருட்டில் போய்க்கொண்டிருந்தது.
ஜெனரேட்டர் பாலகுரு யாரையோ திட்டினார்.
விசில். ஒரு செல்போன் வெளிச்சம்.
அதில் பார்த்தேன், மூன்று வாய்கள் அசைவதை.
துளசியின் விரல்கள்
ஊமைக் கம்பியில் ஒரு சுரம் விடாமல் வாசித்தன,
யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும்.

எத்தனை சுற்று? ஒன்பதோ, பத்தோ.
அதில் ஒன்றில் எஸ்தர் விட்டாள்.
குச்சி நழுவியிருக்கலாம்.
கண்ணில் பூச்சி விழுந்திருக்கலாம்.
முனிச்சாலை முனிச்சா-வோடு நின்று
பதினொன்று பத்தானது.
இருபது வருஷக் காது, எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டர் இருமியது. கரண்ட் வந்தது.
வந்தபோது மூன்று பேரும்
அந்தப் பிழைக்கு உள்ளே இருந்தார்கள்.
ஒருவன்கூடச் சரியான இடத்தில் இல்லை.
சரியான இடம் ஒரு தட்டு தள்ளி
காலியாகக் கிடந்தது,
யாரும் இறங்காத ஸ்டாப் மாதிரி.

கைதட்டினார்கள். கரண்டுக்குத்தான்.

ரெக்கார்டரும் அந்த நேரம் செத்திருந்தது.
ஆகவே என்னிடம் சாட்சி இல்லை.
வேனில் பாண்டி சொன்னான், 'நீ ஒண்ணு விட்ட.'
'நான் எதையும் விடல.'
'விட்ட.'
'அப்ப நீ எப்படிடா சேந்து வந்த?'
அவன் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தான்.
'தெரியல. கால் போச்சு.'
அதற்குப் பிறகு டீசல் காசில் சண்டை.
நாலாயிரத்தை நாலாகப் பங்கு போட
அவர்களுக்கு மூன்று விதமான விடை வந்தது.

என்னைக் கேட்டால்,
தப்பாத குழுக்கள் ஊருலகத்தில் நிறைய உண்டு.
இருட்டில் ஒருத்தி தடுக்கினால்
மற்ற மூன்று பேருக்கும் கால் இடறுமா,
அதை மட்டும்தான் நான் கவனிப்பேன்.

பழங்காநத்தத்தில் டீக்கு நிறுத்தினேன்.
கடை எதிர்ப்பக்கம்.
லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன.
நாலு பேரும்
நாலு தடவையாக ரோட்டைக் கடந்தார்கள்.